அருகருகே நிற்கும் சலாகைகள்
இரட்டைச் சலாகை வரைபு: வரைதல், வாசித்தல், கணினியில் அமைத்தல்



தரவுகளை வகைகுறிக்கும் வரைபுகளுள் மிக எளிதானது சலாகை வரைபு. அதனாலேயே பலர் இதைக் கவனமாகப் படிப்பதில்லை. பரீட்சையிலே சலாகைகளை அழகாக வரைந்துவிட்டு, அதன் கீழ் கேட்கப்படும் "இவ்வரைபிலிருந்து நீர் பெறும் முடிவு யாது?" என்ற வினாவிற் புள்ளிகளை இழப்பவர்கள் அநேகர். இப்பாடத்தில் இரண்டு தொகுதித் தரவுகளை ஒரே வரைபில் அருகருகே காட்டும் முறையையும், அதனைச் சரியாக வாசிக்கும் முறையையும், கணினி விரிதாளில் அமைக்கும் முறையையும் பார்ப்போம்.

ஒன்றை முதலிலேயே மனதிற் பதித்துக்கொள்ளுங்கள். வரைபை வரைவது கையாக இருந்தாலென்ன, கணினியாக இருந்தாலென்ன, எதை எதனோடு ஒப்பிட வேண்டும் என்று தீர்மானிப்பது நீங்களே. அந்தத் தீர்மானம் பிழைத்தால் அளவு சரியாக வரைந்த வரைபும் பிழையான செய்தியையே சொல்லும்.

1. இரட்டைச் சலாகை வரைபு என்றால் என்ன?

ஒரு விடயத்தை மட்டும் காட்டுவது எளிய சலாகை வரைபு. ஒவ்வொரு வகைக்கும் ஒரு சலாகை இருக்கும். ஒவ்வொரு வகைக்கும் இரண்டு சலாகைகளை ஒட்டி நிறுத்தினால் அது இரட்டைச் சலாகை வரைபு. ஆண்–பெண், ஏற்றுமதி–இறக்குமதி, தரம் 10–தரம் 11 என இரண்டு கூட்டங்களை ஒப்பிட இது மிகவும் பொருத்தமானது. மூன்று, நான்கு கூட்டங்களையும் இவ்வாறு காட்டலாம். ஆனால் நான்கைத் தாண்டினால் கண் குழம்பும்.

சலாகை வரைபின் வரலாறும் இத்தகைய ஒரு சோடிச் சலாகை வரைபோடுதான் தொடங்குகிறது. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபெயர் 1786 இல் வெளியிட்ட நூலொன்றில், 1780 நத்தார் முதல் 1781 நத்தார் வரையான ஒரு வருடத்தில் ஸ்கொட்லாந்து 17 நாடுகளுடன் நடத்திய இறக்குமதியையும் ஏற்றுமதியையும் ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு சலாகைகளாகக் காட்டினார். அந்நூலின் மற்றைய வரைபுகள் ஆண்டுக்கு ஆண்டு ஏற்பட்ட மாற்றத்தைக் கோடுகளாற் காட்டுபவை. ஸ்கொட்லாந்துக்கு அவ்வாறான தொடர் தரவு அவரிடம் இருக்கவில்லை. ஒரு வருடத் தரவே இருந்தபடியால் சலாகையைத் தெரிவுசெய்தார். கையிலுள்ள தரவின் தன்மைக்கேற்பவே வரைபின் வகையைத் தெரிவுசெய்ய வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

2. உதாரணம் 1: இலங்கையின் குடித்தொகை, ஆண்–பெண்

கீழே உள்ளவை குடிசன மதிப்பீடுகளிற் பெறப்பட்ட தரவுகள். இலட்சத்தில், ஒரு தசம தானத்துக்கு மட்டந்தட்டித் தரப்பட்டுள்ளன.

ஆண்டு – ஆண் – பெண்
1946 – 35.3 – 31.3
1953 – 42.7 – 38.3
1963 – 55.0 – 50.8
1971 – 65.3 – 61.6
1981 – 75.7 – 72.8
2012 – 98.6 – 105.0

வரையும் படிமுறை:

(அ) மிகப் பெரிய பெறுமானத்தைப் பாருங்கள். இங்கே அது 105.0. நிலைக்குத்து அச்சில் 1 செ.மீ. = 10 இலட்சம் என அளவிடை எடுத்தால் 11 செ.மீ. உயரம் போதுமானது.

(ஆ) நிலைக்குத்து அச்சைப் பூச்சியத்திலிருந்து தொடங்குங்கள்.

(இ) கிடை அச்சில் சலாகை ஒன்றின் அகலம் ½ செ.மீ., சோடிகளுக்கு இடையிலான வெளி 1 செ.மீ. எனக் கொள்ளலாம். சோடியிலுள்ள இரு சலாகைகளுக்கும் இடையில் வெளி விடக்கூடாது. சோடிக்கும் சோடிக்கும் இடையில் வெளி விடாமல் இருக்கக்கூடாது.

(ஈ) எல்லாச் சோடிகளிலும் ஒரே ஒழுங்கு. இடப்பக்கம் ஆண், வலப்பக்கம் பெண் என்று தொடங்கினால் கடைசிச் சோடி வரை அப்படியே இருக்கட்டும்.

(உ) சலாகைகளின் உயரங்கள்: 1946 இற்கு 3.5 செ.மீ., 3.1 செ.மீ.; 1981 இற்கு 7.6 செ.மீ., 7.3 செ.மீ.; 2012 இற்கு 9.9 செ.மீ., 10.5 செ.மீ. மற்றையவற்றை நீங்களே கணித்து வரைக.

(ஊ) ஒன்றுக்கு நிழல், மற்றையதற்கு சாய்கோடு இட்டு, மூலையிற் குறிவிளக்கம் தருக. தலைப்பு, அச்சுகளின் பெயர், அலகு ஆகிய மூன்றையும் எழுதுக.

இல்லாத தரவை என்ன செய்வது?

அட்டவணையில் 1981 இற்குப் பிறகு நேரே 2012 வருவதைக் கவனித்தீர்களா? 1991 இல் நடைபெற வேண்டிய குடிசன மதிப்பீடு நாட்டின் போர்ச் சூழலால் நடைபெறவில்லை. 2001 இல் நடைபெற்றபோதும் 18 மாவட்டங்களிலேயே முழுமையாகக் கணக்கெடுக்க முடிந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், முல்லைத்தீவு, வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய ஏழு மாவட்டங்களின் கணக்கெடுப்பு முழுமை பெறவில்லை. ஆகவே 1981 இற்குப் பின் தீவு முழுவதும் முழுமையாக நடந்த முதல் மதிப்பீடு 2012 இனது ஆகும்.

இதனை வரைபில் எப்படிக் காட்டுவது? 1981 இற்கும் 2012 இற்கும் இடையில் ஒரு சோடிக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு, "2001: முழுமையான தரவு இல்லை" என்று கீழே எழுதுங்கள். அந்த இடத்தில் பூச்சியம் என்று குறிக்கக்கூடாது. "தரவு இல்லை" என்பதும் "பூச்சியம்" என்பதும் ஒன்றல்ல. எண்ணப்படாமல் விடுபட்ட மக்கள் இல்லாத மக்கள் ஆகிவிட மாட்டார்கள். வெற்றிடத்தைக் காட்டாமல் 1981 ஐயும் 2012 ஐயும் ஒட்டி வரைந்தால், 31 வருட மாற்றம் பத்து வருட மாற்றம் போலத் தோற்றமளிக்கும்.

3. வரைபை வாசித்தல்

விடை எழுதும்போது மூன்று படிகளாக வாசிக்கப் பழகுங்கள்.

முதலாவது படி, ஒரே நிறச் சலாகைகளை வரிசையாகப் பாருங்கள். ஆண்களின் தொகையும் பெண்களின் தொகையும் மதிப்பீட்டுக்கு மதிப்பீடு கூடிச் செல்கின்றன.

இரண்டாவது படி, ஒவ்வொரு சோடிக்குள்ளும் பாருங்கள். 1946 முதல் 1981 வரை ஆண் சலாகை உயரமானது. 2012 இல் பெண் சலாகை உயரமானது. இந்த வரைபின் மிக முக்கியமான செய்தி இதுவே. ஆண்களுக்குத் தனியாகவும் பெண்களுக்குத் தனியாகவும் இரண்டு வரைபுகள் வரைந்திருந்தால் இது எளிதிற் கண்ணிற்படாது. இரண்டும் ஏறிச்செல்லும் வரைபுகளாகவே தோன்றும்.

மூன்றாவது படி, வித்தியாசம் எவ்வாறு மாறுகிறது என்று பாருங்கள். 1946 இல் ஆண்கள் 4.0 இலட்சம் அதிகம். 1953 இல் 4.4 இலட்சம் அதிகம். வித்தியாசம் கூடிவிட்டது என்று எழுதலாமா? எழுதலாம், ஆனால் அது அரைவாசி விடைதான். 100 பெண்களுக்கு எத்தனை ஆண்கள் என்று கணித்தால் 1946 இல் 113, 1953 இல் 111. எண்ணிக்கையில் வித்தியாசம் கூடியது, விகிதத்தில் குறைந்தது. குடித்தொகை முழுவதும் பெருகியதால் இப்படி நேர்கிறது. இதே விகிதம் 1981 இல் 104 ஆகவும் 2012 இல் 94 ஆகவும் இறங்குகிறது.

கவனிக்க: "ஏன் இவ்வாறு மாறியது?" என்று கேட்டால் விடை வரைபினுள் இல்லை. வரைபு "என்ன" என்பதையே சொல்லும். "ஏன்" என்பதற்குப் பாட அறிவு வேண்டும். மகப்பேற்று மரணங்கள் குறைந்தமை, 1960களுக்குப் பின் பெண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு ஆண்களினதை விடக் கூடியமை, ஆண்கள் வெளிநாடு சென்றமை, போரினால் ஏற்பட்ட உயிரிழப்புகள் என்பன நீங்கள் எழுதக்கூடிய காரணங்கள். "வரைபின்படி பெண்களின் ஆயுள் கூடியுள்ளது" என்று எழுதினால் அது பிழை. வரைபில் ஆயுள் பற்றி எதுவுமே இல்லை.

4. அச்சு செய்யும் மாயம்

2012 ஆம் ஆண்டின் சோடியை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆண் 98.6, பெண் 105.0. பெண்கள் ஏறத்தாழ 6.5% அதிகம். அச்சைப் பூச்சியத்திலிருந்து தொடங்கினால் சலாகைகள் 9.9 செ.மீ., 10.5 செ.மீ. ஆகும். கண்ணுக்குச் சிறு வித்தியாசமே தெரியும்; அதுவே உண்மை.

இப்பொழுது அச்சை 95 இலட்சத்திலிருந்து தொடங்கி, 1 செ.மீ. = 1 இலட்சம் என வரையுங்கள். ஆண் சலாகை 3.6 செ.மீ., பெண் சலாகை 10 செ.மீ. பெண்கள் ஆண்களைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கினர் என்று பார்ப்பவர் நினைப்பார். எண்கள் ஒன்றும் மாறவில்லை. அச்சு மட்டுமே மாறியது. சலாகை வரைபில் நாம் ஒப்பிடுவது சலாகையின் முழு நீளத்தை. அடியை வெட்டிவிட்டால் அந்த ஒப்பீடு பொய்த்துவிடும். பத்திரிகையிலோ விளம்பரத்திலோ சலாகை வரைபொன்றைக் கண்டால் முதலில் அச்சு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்.

5. உதாரணம் 2: கூட்டங்கள் சமனில்லாதபோது

அளவீட்டு வினாக்கொத்து ஒன்றின் விடைகளை வரைபிற் காட்டும்போது வரும் பிரச்சினை இது. ஒரு பாடசாலையில் தரம் 10 இல் 40 மாணவரிடமும் தரம் 11 இல் 25 மாணவரிடமும் "எவ்வாறு பாடசாலைக்கு வருகிறீர்கள்?" என்று கேட்டதாகக் கொள்வோம். (இவை பயிற்சிக்காக அமைத்த எண்கள்.)

வகை – தரம் 10 – தரம் 11
துவிச்சக்கரவண்டி – 16 – 12
பஸ் – 12 – 5
நடை – 8 – 6
பிற – 4 – 2
மொத்தம் – 40 – 25

எண்ணிக்கையை வைத்து வரைந்தால் நான்கு சோடிகளிலும் தரம் 10 இன் சலாகையே உயரமாக நிற்கும். "தரம் 10 மாணவரே துவிச்சக்கரவண்டியைக் கூடுதலாகப் பயன்படுத்துகின்றனர்" என்று முடிவெழுதத் தோன்றும். உண்மையில் அந்த உயரத்தின் காரணம் வகுப்பின் அளவு. சதவீதமாக மாற்றிப் பாருங்கள்.

வகை – தரம் 10 – தரம் 11
துவிச்சக்கரவண்டி – 40% – 48%
பஸ் – 30% – 20%
நடை – 20% – 24%
பிற – 10% – 8%

துவிச்சக்கரவண்டியிலும் நடையிலும் இப்போது தரம் 11 உயரமாக நிற்கிறது. முடிவு தலைகீழாகிவிட்டது!

அப்படியானால் எப்போதும் சதவீதந்தானா? இல்லை. பாடசாலையில் துவிச்சக்கரவண்டிக் கொட்டகை கட்ட வேண்டுமென்றால், அதிபருக்குத் தேவைப்படுவது 16 + 12 = 28 வண்டிகள் என்ற எண்ணிக்கையே. 40%, 48% என்பவற்றை வைத்துக் கொட்டகை கட்ட முடியாது. "எந்தத் தரத்தில் வண்டிப் பழக்கம் கூட?" என்பது வினாவானால் சதவீதம். "எத்தனை வண்டிக்கு இடம் வேண்டும்?" என்பது வினாவானால் எண்ணிக்கை. வினாவை முதலில் வாசியுங்கள், பிறகு அளவுகோலைத் தெரிவுசெய்யுங்கள்.

சதவீதத்தில் வரையும்போது ஒவ்வொரு கூட்டத்தின் மொத்த எண்ணிக்கையையும் குறிவிளக்கத்தில் எழுதுங்கள்: "தரம் 10 (40 பேர்), தரம் 11 (25 பேர்)". 25 பேரில் ஒருவர் விடையை மாற்றினாலே 4% மாறிவிடும். சிறிய வித்தியாசத்தைப் பெரிதாக்கி எழுதாமலிருக்க இது உதவும்.

6. கணினி விரிதாளில் அமைத்தல்

மைக்ரோசொப்ட் எக்செல், லிப்ரே ஒபிஸ் கல்க் ஆகிய இரண்டிலும் முறை ஏறத்தாழ ஒன்றே. பட்டியற் பெயர்கள் எக்செலில் உள்ளபடி தரப்படுகின்றன.

முதலில் எண்ணுதல். ஒவ்வொரு மாணவரின் விடையும் ஒரு நிரையாக இருக்கட்டும். ஏ நிரலில் தரம், பி நிரலில் போக்குவரத்து வகை. 65 மாணவரானால் நிரை 2 முதல் 66 வரை. தரம் 10 இல் பஸ்ஸில் வருவோரை எண்ண "கவுண்ட்இஃப்ஸ்" என்னும் சார்பைப் பயன்படுத்தலாம். அதற்கு நான்கு தகவல்களை ஒழுங்காகக் கொடுக்க வேண்டும்: தரம் உள்ள வீச்சு, தேடும் தரம், வகை உள்ள வீச்சு, தேடும் வகை. அதாவது,

=கவுண்ட்இஃப்ஸ்(ஏ2:ஏ66, 10, பி2:பி66, "பஸ்")

சார்பின் பெயரையும் நிரல் எழுத்துகளையும் கணினியில் ஆங்கில எழுத்துகளிற் தட்டச்சுச் செய்ய வேண்டும். ஓரிடத்தில் "பஸ்" என்றும் இன்னோரிடத்தில் "பஸ்வண்டி" என்றும் பதிந்திருந்தால் கணினி இரண்டையும் வெவ்வேறாகவே கொள்ளும். எண்ணி முடிந்ததும் எல்லாவற்றையும் கூட்டி 65 வருகிறதா என்று சரிபார்க்க.

அடுத்து வரைபு. சதவீத அட்டவணையைத் தலைப்புகளுடன் தெரிவுசெய்து, "இன்சேர்ட்" பட்டியலில் "கொலம்" வரைபினுள் "கிளஸ்டர்ட்" வகையை அழுத்துக. "ஸ்டக்ட்" வகையை அழுத்தினால் சலாகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிவிடும். "பார்" என்பது படுத்திருக்கும் சலாகைகளைத் தரும். வகைப் பெயர்கள் நீளமாக இருந்தால் அது வசதியானது.

கணினி வரைந்ததும் நான்கு விடயங்களைச் சரிபாருங்கள்.

• எது எதற்கு அருகில் நிற்கிறது? தரங்களை ஒப்பிட வேண்டுமானால் ஒவ்வொரு வகையிலும் இரு தரங்களும் அருகருகே நிற்க வேண்டும். மாறி வந்தால் "ஸ்விட்ச் ரோ, கொலம்" என்ற கட்டளையை அழுத்துக.

• ஆண்டுகள் சலாகையாகிவிட்டனவா? உதாரணம் 1 இன் அட்டவணையைக் கொடுத்தால் 1946, 1953 என்பவற்றையும் கணினி தரவாக எண்ணி மூன்றாவது சலாகையாக வரையக்கூடும். ஆண்டு நிரலின் தலைப்புக் கலத்தை வெறுமையாக விட்டு மீண்டும் வரைந்தால் ஆண்டுகள் கிடை அச்சுக்குச் சென்றுவிடும்.

• அச்சு எங்கே தொடங்குகிறது? எண்கள் நெருக்கமாக இருந்தால் எக்செல் தானாகவே பூச்சியத்தை விட்டு மேலே தொடங்கிவிடும். அச்சின் மீது இரு தடவை அழுத்தி மிகக் குறைந்த பெறுமானம் 0 எனக் கொடுக்க.

• பல வினாக்களுக்குப் பல வரைபுகளா? ஒரே வினாக்கொத்தின் மூன்று வினாக்களுக்கு மூன்று வரைபுகள் அமைத்து ஒரே பக்கத்தில் வைப்பதானால், மூன்றுக்கும் அச்சு 0 முதல் 100% வரை என்று ஒரே மாதிரி நிறுவுக. கணினியிடம் விட்டால் ஒன்றுக்கு 60 வரையும் மற்றதற்கு 30 வரையும் தானே தெரிவுசெய்யும். அப்போது 25% சலாகையும் 50% சலாகையும் ஒரே உயரமாகத் தெரியும். தரம் 10 இற்கு ஒரு நிறம் கொடுத்தால் மூன்று வரைபிலும் அதே நிறம் இருக்கட்டும்.

7. அடிக்கடி விடப்படும் பிழைகள்

• குறிவிளக்கம் இல்லாமை. எது ஆண், எது பெண் என்று தெரியாத வரைபை எவரும் வாசிக்க முடியாது.
• சலாகைகளின் அகலம் வேறுபடுதல். அகலமான சலாகை பெரிதாகத் தோன்றும்.
• அலகு எழுதாமை. 35.3 என்பது இலட்சமா, மில்லியனா?
• சலாகை வரைபையும் வலையுரு வரையத்தையும் குழப்புதல். வலையுரு வரையத்தில் வகுப்பாயிடைகள் தொடர்ச்சியானவை, இடைவெளி இல்லை. சலாகை வரைபில் வகைகள் தனித்தனியானவை, இடைவெளி உண்டு.
• முடிவை எண்ணில்லாமல் எழுதுதல். "தரம் 11 இல் கூட" என்பதை விட "தரம் 11 இல் 48%, தரம் 10 இல் 40%" என்பது முழு விடை.

8. பயிற்சி

கிராமம் அ இல் 50 வீடுகளிலும் கிராமம் ஆ இல் 80 வீடுகளிலும் குடிநீர் பெறும் வழி விசாரிக்கப்பட்டதாகக் கொள்க.

வகை – கிராமம் அ – கிராமம் ஆ
கிணறு – 30 – 40
குழாய்நீர் – 15 – 32
பிற – 5 – 8

(1) எண்ணிக்கையைக் கொண்டு இரட்டைச் சலாகை வரைபு வரைக.
(2) சதவீதத்தைக் கணித்து இன்னொரு வரைபு வரைக.
(3) கிணற்றில் கூடுதலாகத் தங்கியிருப்பது எந்தக் கிராமம்? எந்த வரைபைப் பயன்படுத்தினீர்? ஏன்?
(4) "பிற" வகையில் இரு வரைபுகளும் காட்டும் வேறுபாடு யாது?
(5) இரண்டு கிராமங்களிலும் உள்ள கிணறுகளுக்குக் குளோரின் இட வேண்டியுள்ளது. ஒரு வீட்டுக்கு ஒரு கிணறு எனின், எந்த வரைபு உதவும்?

விடைக் குறிப்பு: (2) அ: 60%, 30%, 10%, ஆ: 50%, 40%, 10%. (3) கிராமம் அ, சதவீத வரைபு, விசாரிக்கப்பட்ட வீடுகளின் தொகை சமனில்லை. (4) எண்ணிக்கையில் 5 உம் 8 உம். சதவீதத்தில் இரண்டும் சமன். (5) எண்ணிக்கை வரைபு, 70 கிணறுகள்.

மேலதிக வேலை: 2024 இல் இலங்கையில் மீண்டும் குடிசன மதிப்பீடு நடைபெற்றது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வெளியீட்டிலிருந்து ஆண், பெண் தொகைகளைத் தேடி எடுத்து உதாரணம் 1 இன் வரைபில் ஏழாவது சோடியாகச் சேர்க்க. 100 பெண்களுக்கு எத்தனை ஆண்கள் எனக் கணித்து, 2012 இன் 94 உடன் ஒப்பிட்டு இரண்டு வாக்கியங்களில் முடிவெழுதுக. அந்த இரண்டு வாக்கியங்களையும் வரைபிற் காண்பதை மட்டும் வைத்து எழுத முடிந்தால் இப்பாடம் உங்களுக்கு விளங்கிவிட்டது என்று கொள்ளலாம்.